ரத்துக் கட்டணம் 500 ரூபாய் என்றார்கள். 66,000 ரூபாய் எங்கே போனது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். மகனின் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டணமாக 18,000 டாலரை உங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினீர்கள். மறுநாளே விசா மறுக்கப்பட்ட செய்தி வந்தது. உடனே கிளைக்குப் போய், அனுப்பியதை ரத்து செய்யும்படி கடிதம் கொடுத்தீர்கள். ரத்துக் கட்டணம் 500 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் என்று கவுண்டரில் சொன்னார்கள். அடுத்த மாதத்தில் பணம் திரும்பி வந்தபோது, முதலில் கணக்கிலிருந்து எடுத்த 16,00,352 ரூபாய்க்குப் பதிலாக 15,33,988 ரூபாய்தான் வரவு வைக்கப்பட்டது. 66,364 ரூபாய் குறைகிறது. வங்கி ஏமாற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகையில் எவ்வளவு நிரந்தரமாகப் போய்விட்டது, எவ்வளவைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் ஸ்விஃப்ட் நகலை, அதாவது வங்கிகள் ஒன்றுக்கொன்று அனுப்பிய செய்தியின் நகலை, நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியுள்ள எண்களை வைத்தே கணக்குப் போட்டேன், அவை ரூபாய் பிசகாமல் பொருந்துகின்றன. அதனால் வங்கி கணக்கில் எதையும் மறைத்துவிடவில்லை என்று சொல்லலாம். ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது. 500 ரூபாய் என்பது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வெளிநாட்டு வங்கிக்கு ஒரு செய்தி அனுப்புவதற்கான கூலி மட்டுமே. பணம் திரும்பி வருவதற்கு ஆகும் செலவு வேறு. கவுண்டரில் இருந்தவர் முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த மௌனம்தான் எனக்குக் கோபம் தருகிறது. ஏனென்றால் இரண்டாவது செலவு என்ன என்பது அந்தப் பிரிவில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

நீங்கள் கொடுத்த ரூபாய் அமெரிக்காவுக்குப் போகவில்லை. உங்கள் வங்கிக்கு நியூயார்க்கில் உள்ள ஏதோ ஒரு வங்கியில் டாலர் கணக்கு ஒன்று இருக்கும். அதை நாஸ்ட்ரோ கணக்கு என்போம். வங்கி உங்களிடம் ரூபாயை வாங்கிக்கொண்டு அந்தக் கணக்கில் உள்ள டாலரில் 18,000-ஐ உங்களுக்கு விற்றது. பிறகு அதைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக்குக் கொடுக்கும்படி ஸ்விஃப்ட் வழியாக ஆணை அனுப்பியது. ஸ்விஃப்ட் பணத்தை நகர்த்துவதில்லை, செய்திகளை மட்டுமே கொண்டுசெல்கிறது. நியூயார்க் வங்கி அந்த ஆணையை ஏற்றுக் கணக்கில் கழித்த நொடியில் டாலர் உங்கள் வங்கியின் கையைவிட்டுப் போய்விட்டது. அதன்பின் உங்கள் வங்கியால் செய்ய முடிந்தது, எம்டி 192 என்ற செய்தியின் மூலம் வேண்டுகோள் வைப்பது ஒன்றுதான். புதிய ஐஎஸ்ஓ 20022 வடிவத்தில் இதற்குக் கேம்ட்.056 என்று பெயர். நகலில் இந்த இரண்டில் ஒன்றைப் பார்ப்பீர்கள். வேண்டுகோளை ஏற்பதும் மறுப்பதும் அந்தப் பக்கத்து வங்கியின் விருப்பம். அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத்தொகுப்பின் 4ஏ பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: ஓர் ஆணையை வங்கி ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த வங்கி சம்மதித்தால் ஒழிய ரத்து செல்லாது. சம்மதித்தாலும், அதனால் வங்கிக்கு ஏற்படும் இழப்பையும் செலவையும் ரத்து கேட்டவரே ஏற்க வேண்டும். பணம் பல்கலைக்கழகத்தின் கணக்கில் வரவாகிவிட்டால் பல்கலைக்கழகத்தின் இசைவும் தேவைப்படும். உங்கள் பணம் மூன்று வாரத்துக்குள் திரும்பியிருக்கிறது. இது மோசமான கதி அல்ல. மாதக்கணக்கில் பதிலே வராத கோப்புகள் என் மேசையில் கிடந்திருக்கின்றன.

இப்போது அந்த 66,364 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். இதில் 28,480 ரூபாய் இழப்பே இல்லை. அது டிசிஎஸ் என்ற வரி, அதைப் பற்றிப் பின்னால் விரிவாக எழுதுகிறேன். மீதி 37,884 ரூபாய்தான் உண்மையான இழப்பு. அதிலும் 28,800 ரூபாய் ஒரே இடத்தில் போயிருக்கிறது. உங்களுக்கு டாலரை விற்றபோது வங்கி போட்ட விலை 87.20. திரும்பி வந்த டாலரை உங்களிடமிருந்து வாங்கியபோது போட்ட விலை 85.60. டாலருக்கு 1.60 ரூபாய் வீதம் 18,000 டாலருக்கு 28,800 ரூபாய் ஆகிறது. இதை எந்த ரசீதிலும் 'கட்டணம்' என்ற பெயரில் பார்க்க முடியாது. இரண்டு ரசீதுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கண்ணில் படும்.

ஏன் இரண்டு விலை? வெளியே அனுப்பும் பணத்துக்கு டிடி விற்பனை விகிதம், உள்ளே வரும் பணத்துக்கு டிடி கொள்முதல் விகிதம் என்பது வழக்கம் (இங்கே டிடி என்பது டிமாண்ட் டிராஃப்ட் அல்ல, தந்தி வழி மாற்று, TT). வெளியே அனுப்பியதை ரத்து செய்யும்போது எந்த விகிதம் என்ற கேள்விக்கும் இந்திய வங்கித்துறையில் நெடுங்காலமாக ஒரே விடைதான்: கொள்முதல் விகிதம். அந்நியச் செலாவணி வணிகர்களின் சங்கமான ஃபெடாய் வகுத்த நடைமுறையில், கொள்முதல் விகிதம் பொருந்தும் இனங்களில் ஒன்றாகவே இது இருக்கிறது. வங்கித் தேர்வு எழுதுபவர்கள் இதை மனப்பாடம் செய்வார்கள். நகைக்கடையில் நேற்று வாங்கிய வளையலை இன்று அதே கடையில் திருப்பிக் கொடுத்தாலும், செய்கூலியையும் சேதாரத்தையும் கழித்துவிட்டு அவர்கள் வாங்கும் விலையைத்தானே தருவார்கள்? அந்த மாதிரிதான். நேற்றைய விற்பனையை அழித்துவிட்டு உங்களைப் பழைய இடத்தில் நிறுத்துவதில்லை. இன்று ஒரு புதிய கொள்முதல் நடக்கிறது.

இந்த 1.60 ரூபாயில் இரண்டு சரக்கு கலந்திருக்கும். ஒன்று வங்கியின் லாப விளிம்பு, மற்றொன்று இடைப்பட்ட நாட்களில் சந்தை அசைந்தது. எது எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எஃப்பிஐஎல் என்ற அமைப்பு ஒவ்வொரு வேலைநாளும் டாலருக்கான குறிப்பு விகிதத்தை வெளியிடுகிறது. 2018 ஜூலை வரை ரிசர்வ் வங்கியே செய்துவந்த வேலை அது. நீங்கள் அனுப்பிய நாளின் விகிதத்தையும் திரும்பிய நாளின் விகிதத்தையும் எடுத்து உங்கள் ரசீதுகளோடு ஒப்பிடுங்கள். உதாரணமாக, இரண்டு நாளும் சந்தை 86.40-இல் அப்படியே நின்றிருந்தது என்று வையுங்கள். அப்போது விற்கும்போது 80 பைசா, வாங்கும்போது 80 பைசா என்று முழுவதையும் வங்கியே எடுத்துக்கொண்டது என்று பொருள். அது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 0.9 விழுக்காடு. கிளையில் ஒட்டியிருக்கும் பொது விகிதத்தில் இந்த அளவு விளிம்பு சாதாரணம்தான். ஆனால் 18,000 டாலர் சாதாரணத் தொகை அல்ல. இந்த அளவுக்கு அனுப்புபவர் கேட்டால், கிளை மேலாளர் கருவூலப் பிரிவிடம் பேசி விளிம்பைக் குறைத்துத் தர முடியும். கேட்காதவருக்குத் தருவதில்லை. அனுப்பும்போது பேரம் பேசச் சிலருக்குத் தோன்றும். திரும்பி வரும்போதும் பேசலாம் என்பது பலருக்குத் தெரியாது. பணம் நாஸ்ட்ரோவுக்கு வந்ததும் வங்கி தானாகவே மாற்றிக் கணக்கில் போட்டுவிடும் என்பதால், ரத்துக் கடிதத்திலேயே 'திரும்பும் தொகையை ரூபாயாக மாற்றுமுன் விகிதத்தை எனக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது.

சந்தை எப்போதும் உங்களுக்கு எதிராகவே ஓடும் என்பதும் இல்லை. 2013 மே மாதத் தொடக்கத்தில் ஒரு டாலர் 54 ரூபாயை ஒட்டி இருந்தது, ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டியது. அந்த மாதங்களில் அனுப்பிய டாலர் திரும்பி வந்திருந்தால் எல்லாக் கட்டணமும் போக லாபம் நின்றிருக்கும். ரூபாய் வலுப்பெறும் வாரத்தில் திரும்பினால் உங்களுக்கு நேர்ந்தது நேரும். இந்த ஆபத்து முழுவதும் வாடிக்கையாளருடையது, வங்கி அதில் பங்கெடுப்பதில்லை.

அடுத்தது வெளிநாட்டு வங்கிகள் பிடித்த 60 டாலர். 17,940 டாலர்தான் திரும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் போட்ட விகிதத்தில் இது 5,136 ரூபாய். 'எல்லா வெளிநாட்டுக் கட்டணமும் என் பொறுப்பு' என்ற பொருளில் 'அவர்' (OUR) என்ற முறையைத் தேர்ந்தெடுத்து அதற்கும் பணம் கட்டியிருந்தேனே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தேர்வு போகும் வழிக்கு மட்டும் பொருந்தும். திரும்பும் வழியில் பல்கலைக்கழகத்தின் வங்கியும் இடைநிலை வங்கியும் தங்கள் ஆய்வுக் கட்டணத்தை அசலிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். உங்கள் வங்கியால் அதை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் எந்த வங்கி எவ்வளவு பிடிக்கும் என்பது அந்தந்த வங்கியின் விருப்பம். பிடித்தபின் யார் பிடித்தார்கள் என்பதை மட்டும் காட்ட முடியும். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யூஇடிஆர் என்ற 36 எழுத்து அடையாள எண் உண்டு. அதை வைத்து ஸ்விஃப்ட்டின் ஜிபிஐ தடங்காட்டியில் வங்கி பார்த்தால், பணம் எந்த வங்கியில் எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு கழிந்தது என்பது தெரியும். அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் இது உங்களுக்கு வேறு காரணத்துக்கும் தேவைப்படும்.

ஜிஎஸ்டியில் போனது 2,178 ரூபாய். நாணயத்தை மாற்றுவதே ஒரு சேவையாகக் கருதப்படுகிறது. அதன் மதிப்பை ஜிஎஸ்டி விதி 32 ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் 5,500 ரூபாயும், 10 லட்சத்துக்கு மேலுள்ள பகுதியில் 0.1 விழுக்காடும் சேர்ந்தது அந்த மதிப்பு. அதில் 18 விழுக்காடு வரி. போகும்போது 1,092, வரும்போது 1,086. இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை வரி. இதில் வங்கிக்கு விருப்புரிமை எதுவும் இல்லை. உங்கள் வங்கியின் சொந்தக் கட்டணங்கள், அனுப்பியதற்கு 1,180, ரத்துக்கு 590, சேர்த்து 1,770 ரூபாய். இவ்வளவு பெரிய கணக்கில் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்லப்பட்டது அந்த 590 மட்டும்தான்.

இனி டிசிஎஸ். தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தில், அதாவது எல்ஆர்எஸ்ஸில், சொந்தப் பணத்தைக் கல்விக்காக அனுப்பும்போது, 2025–26 நிதியாண்டில் மொத்தம் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 5 விழுக்காடு வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 1-க்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. உங்கள் பரிமாற்றம் 2025–26 நிதியாண்டில் நடந்ததால் 15,69,600-இல் 10 லட்சம் போக மீதி 5,69,600-க்கு 28,480 ரூபாய் எடுத்தார்கள். இது செலவு வரி அல்ல, உங்கள் பான் எண்ணில் முன்பணமாக நிற்கும் வருமான வரி. அனுப்பிய மாதமும் திரும்பிய மாதமும் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். வசூலித்த டிசிஎஸ்ஸை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வங்கி அரசுக்குச் செலுத்திவிட வேண்டும். அது செலுத்தப்பட்ட பிறகு பணம் திரும்பினால் வங்கி தன் கையிலிருந்து அதைத் திருப்பித் தராது. செலுத்துமுன்னே ரத்து முடிந்துவிட்டால் சில வங்கிகள் தங்கள் ஏட்டிலேயே திருத்தித் திருப்பிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லா வங்கிகளும் அப்படிச் செய்வதில்லை, வாடிக்கையாளர் உரிமையாகக் கேட்கும்படி தெளிவான விதியும் இல்லை.

ஆனால் அந்தத் தொகை தொலைந்துபோகாது. உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்ஸில் உங்கள் பெயரில் 28,480 ரூபாய் வரவு தெரிகிறதா என்று பாருங்கள். வங்கி காலாண்டு அறிக்கை தாக்கல் செய்த பிறகுதான் தெரியும். வங்கியிடம் டிசிஎஸ் வசூலித்ததற்கான 27டி சான்றிதழையும் வாங்கிக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பக் கிடைக்கும். நீங்கள் சம்பளக்காரர் என்றால் அதுவரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2024 அக்டோபர் முதல் 12பிஏஏ என்ற படிவத்தில் இந்த டிசிஎஸ்ஸை அலுவலகத்துக்குத் தெரிவித்தால், மீதமுள்ள மாதங்களின் சம்பளத்தில் பிடிக்கும் வரியை அந்த அளவுக்குக் குறைப்பார்கள். பணம் அனுப்பியவரின் பான் எண்ணில்தான் வரவு இருக்கும் என்பதைக் கவனியுங்கள். வருமானமே இல்லாத தாயின் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தால், அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்தால்தான் பணம் வரும். இதைச் செய்யாமல் அப்படியே விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உங்கள் முன்னால் இருக்கிறது. மகன் வேறு பல்கலைக்கழகத்துக்கு முயற்சி செய்கிறான், ஜனவரியில் மறுபடி பணம் அனுப்புவேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பித் திரும்பிவிட்ட அந்த 15,69,600 ரூபாயை வங்கியின் கணினி இன்னும் 'அனுப்பியது' என்றே வைத்திருந்தால், இந்த நிதியாண்டுக்கான உங்கள் 10 லட்சம் வரம்பு தீர்ந்துவிட்டது என்று கணக்காகும். அடுத்த முறை அதே 18,000 டாலரை அதே விகிதத்தில் அனுப்பினால் முழுத் தொகைக்கும் 5 விழுக்காடு, அதாவது 28,480-க்குப் பதில் 78,480 ரூபாய் பிடிப்பார்கள். கடைசியில் திரும்பக் கிடைக்கும் பணம்தான், என்றாலும் கல்விச் செலவு நெருக்கும் நேரத்தில் கூடுதலாக 50,000 ரூபாயைப் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே இப்போதே கிளைக்கு எழுதுங்கள்: இந்தப் பரிமாற்றம் பயனாளியைச் சேராமல் திரும்பிவிட்டது, எனவே எல்ஆர்எஸ் அறிக்கையிலும் என் நிதியாண்டுக் கணக்கிலும் இதை நீக்கித் திருத்துங்கள் என்று. பணம் பல்கலைக்கழகக் கணக்கில் வரவாகுமுன்பே திரும்பியிருந்தால் இந்தக் கோரிக்கை வலுவானது. வரவாகி, பல்கலைக்கழகமே திருப்பி அனுப்பியிருந்தால் வங்கி மறுக்கலாம். ஏனென்றால் ஒருமுறை அனுப்பி முடித்த தொகை, பின்னால் நாட்டுக்குள் திரும்பினாலும் வரம்பில் கணக்காகும் என்பதே எல்ஆர்எஸ்ஸின் பொதுப்போக்கு. எது நடந்தது என்பதை நான் மேலே சொன்ன தடங்காட்டி நகல் காட்டிவிடும். ஆண்டுக்கு 2,50,000 டாலர் என்ற மொத்த வரம்பைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அதன் பக்கத்திலேயே நீங்கள் இல்லை.

கல்விக்கடன் வாங்கி அனுப்பியவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று சொல்கிறேன். வரிச்சட்டம் குறிப்பிடும் நிதி நிறுவனத்தில் வாங்கிய கல்விக்கடன் என்றால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் கிடையாது. ஆனால் பணம் அந்தரத்தில் நிற்கும் நாட்களிலும் வட்டி ஓடும். 15,69,600 ரூபாய்க்கு 10 விழுக்காடு என்றால் நாளொன்றுக்கு 430 ரூபாய். திரும்பிய தொகையைச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைக்காமல் உடனே கடன் கணக்கில் கட்டச் சொல்ல வேண்டும்.

ரத்து என்று பொதுவாகச் சொன்னாலும் எந்தக் கட்டத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கேட்கும் விண்ணப்பமான படிவம் ஏ2-வைக் கொடுத்துவிட்டீர்கள், விகிதம் இன்னும் பதிவாகவில்லை என்றால் செலவே இல்லை. விகிதம் பதிவாகிவிட்டது, ஸ்விஃப்ட் இன்னும் போகவில்லை என்ற இடைக்கட்டம் ஒன்று உண்டு. பல பேர் இதில்தான் அதிர்ச்சி அடைகிறார்கள். பணமே போகவில்லையே, ஏன் பிடித்தீர்கள் என்று சண்டை போடுவார்கள். நீங்கள் விகிதத்தை ஒப்புக்கொண்டதும் வங்கியோ நாணய மாற்று நிறுவனமோ உங்களுக்காகச் சந்தையில் டாலரை வாங்கிவிட்டிருக்கும். நீங்கள் விலகினால் அதைத் திரும்ப விற்க வேண்டும், அந்த வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள். தொலைபேசியில் 'சரி, இந்த விலைக்குப் போடுங்கள்' என்று சொல்வதே ஒப்பந்தம்தான். கையெழுத்து பின்னால் வரும். ஆகவே விசா முடிவு நாளை தெரியும் என்றால், டாலர் விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் இன்று விகிதத்தைப் பூட்டாதீர்கள்.

அமெரிக்காவில் இருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் உங்கள் உறவினர் ஒருவர், அரைமணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப்பணமும் கிடைக்குமே என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது அவருக்குச் சரி. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதியின்படி, அங்கிருந்து தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தை, செலுத்திய 30 நிமிடத்துக்குள் ரத்து செய்தால், கட்டணம் உட்பட எல்லாவற்றையும் 3 வேலைநாளில் திருப்பித் தர வேண்டும். அந்த 30 நிமிடத்துக்குள் பணம் பெறுபவரின் கைக்கோ கணக்கிலோ போய்ச் சேர்ந்திருக்கக் கூடாது. எல்ஆர்எஸ் விதிகளில் இப்படிப்பட்ட அவகாசம் எழுதப்படவில்லை. இங்கேயும் வேண்டும் என்பது என் திடமான கருத்து. பெரும்பாலான கிளைகள் காலையில் வாங்கிய படிவங்களை மாலைக்குள்தான் அனுப்புகின்றன, அரைமணி நேர அவகாசம் கொடுத்தால் யாருக்கும் நட்டமில்லை.

உங்கள் வழக்கில் போராடத் தக்க இடம் ஒன்றுதான், அது நேரம். மறுநாள் காலை 11 மணிக்குக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கியதாகச் சொல்கிறீர்கள். ஸ்விஃப்ட் செய்தியில் அது புறப்பட்ட தேதியும் நேரமும் இருக்கும். முதல் நாளே புறப்பட்டிருந்தால் வங்கி சொல்வது சரி, 37,884 ரூபாயில் விளிம்பைக் குறைத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் கடிதம் கையில் கிடைத்த பிறகு செய்தி புறப்பட்டிருந்தால், நிறுத்தச் சொன்னபின் அனுப்பியது வங்கியின் தவறு. அப்போது 87.20 என்ற பழைய விகிதத்திலேயே முழுத் தொகையையும், எல்லாக் கட்டணங்களையும் திருப்பித் தரும்படி கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு. பயனாளியின் கணக்கு எண்ணை வங்கி ஊழியர் தவறாகத் தட்டியதால் திரும்பிய பணத்துக்கும் இதே நியாயம்தான். வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். ஸ்விஃப்ட் நகல், தடங்காட்டி நகல், இரண்டு நாள் விகித விவரம் ஆகியவற்றைக் கேட்டுக் கடிதம் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. '500 ரூபாய்தான்' என்று வாய்மொழியாகச் சொன்னதை மட்டும் வைத்துப் புகார் எழுதினால் நிற்பது கடினம். நேர முத்திரை நிற்கும்.

ஜனவரியில் அனுப்புவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை விசா மறுக்கப்பட்டதும் ரத்துக்கு ஓடியதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம் என்பதே என் எண்ணம். விசா மறுப்புக் கடிதத்தைக் காட்டினால் கட்டணத்தை அடுத்த பருவத்துக்கு மாற்றி வைக்கப் பல கல்வி நிறுவனங்கள் சம்மதிக்கும். அமெரிக்க மாணவர் விசா 214(பி) பிரிவில் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு இல்லை, ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை. அதே இடத்தில் படிக்கும் உத்தேசம் இருக்கும்வரை டாலரை டாலராகவே அங்கே விட்டுவைத்தால் விகித இழப்பு கிடையாது. படிக்கவே போவதில்லை என்று முடிவானாலும், பணம் சேரும்வரை பொறுத்திருந்து பல்கலைக்கழகத்திடமே திரும்பக் கேட்பது பல நேரங்களில் மலிவு. விகித இழப்பு அதிலும் உண்டு, ஆய்வுக் கட்டணங்கள் குறையும். பல்கலைக்கழகம் தானே ஒரு தொகையைக் கழிக்குமா என்பதை அவர்களின் திரும்பச் செலுத்தும் விதியில் முன்பே படித்துவிடுங்கள். ஸ்விஃப்ட் வழியாகத் திரும்ப அழைப்பது, தவறான கணக்குக்குப் போய்விட்டது, மோசடி என்று சந்தேகம், இந்த மாதிரி நேரங்களுக்கானது.

முழுக் கட்டணத்தையும் ஒரே தவணையில் அனுப்பாமல், இடத்தை உறுதி செய்யக் கேட்கும் முன்பணத்தை மட்டும் முதலில் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். உங்கள் மனைவியிடம் சொந்தப் பணம் இருந்தால் ஒரு பகுதியை அவர் கணக்கிலிருந்து அனுப்பலாம். 10 லட்சம் வரம்பு ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனி. எல்லாவற்றுக்கும் முன்பாக, எல்ஆர்எஸ் கணக்கைத் திருத்தச் சொல்லும் அந்தக் கடிதம். அதற்கு எழுத்தில் பதில் வாங்காமல் ஜனவரிப் பணத்துக்கான ஏ2 படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.